மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது? ஒளிச்சேர்க்கையின் வரவு செலவுக் கணக்கு

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மரத்தின் எடையில் பெரும்பகுதி காற்றிலிருந்து வருகிறது என்று வகுப்பில் சொன்னார்களாம். காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம்தானே, அதிலிருந்து எப்படி இவ்வளவு பெரிய மரம் என்று கேட்கிறாள். அப்படியென்றால் உரம் எதற்கு, செடி வெளிவிடும் ஆக்சிஜன் எதிலிருந்து வருகிறது, இரவில் மரத்தடியில் படுக்கக் கூடாது என்பது உண்மையா என்றும் கேட்கிறாள். யாராவது விளக்குங்களேன்.

பதில்:

வகுப்பில் சொன்னது சரி. உங்கள் மகள் அதை நம்ப மறுப்பதும் நியாயம்தான். நம் கண்ணுக்கு வேர் மண்ணில் இருப்பதுதான் தெரிகிறது, தண்ணீர் ஊற்றுவது தெரிகிறது, உரம் வைப்பது தெரிகிறது. காற்று எதையும் கொண்டுவந்து கொட்டுவது போலத் தெரிவதில்லை.

அவள் கேட்ட நான்கு கேள்விகளையும் ஒரே வழியில் தீர்க்கலாம். எந்த அணு எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். வேதிவினையில் அணு புதிதாகப் பிறப்பதும் இல்லை, தொலைந்து போவதும் இல்லை. இதை வேதியியல் பாடத்தில் படிக்கிறார்கள். அப்புறம் உயிரியல் பாடத்தில் ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டை மனப்பாடம் செய்யும்போது அந்த விதியை மறந்துவிடுகிறார்கள்.

முதலில் மண். மரம் மண்ணைத் தின்று வளர்கிறதா என்பதை ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எடை போட்டுப் பார்த்துவிட்டார். பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் என்ற மருத்துவர். சூளையில் காயவைத்த மண் 200 பவுண்டு எடுத்துத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டார். மழைநீரும் வடித்த நீரும் மட்டும் ஊற்றினார். தூசி விழாமல் இருக்க, துளையிட்ட தகரத்தால் தொட்டியை மூடினார். 5 ஆண்டு கழித்து மரத்தைப் பிடுங்கி எடை போட்டால் 169 பவுண்டும் சொச்சமும். மண்ணைத் திரும்பக் காயவைத்து எடை போட்டால் குறைந்திருந்தது சுமார் 2 அவுன்ஸ், அதாவது 60 கிராமுக்கும் குறைவு. நான்கு இலையுதிர் காலத்தில் உதிர்ந்த இலைகளை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்திருந்தால் மரத்தின் பக்கம் இன்னும் கூடியிருக்கும்.

இந்தச் சோதனை அவர் இறந்த பிறகு 1648இல் வெளியான நூலில் இருக்கிறது. மண் இல்லை, அப்படியானால் தண்ணீர்தான் மரமாக மாறியது என்று அவர் முடிவு கட்டினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'காஸ்' என்ற சொல்லையே உருவாக்கியவர் இதே வான் ஹெல்மான்ட்தான். 62 பவுண்டு ஓக் மரக்கரியை எரித்தால் 1 பவுண்டு சாம்பல்தான் மிஞ்சுகிறது, மீதி 61 பவுண்டு கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுவாகப் போய்விடுகிறது என்று எழுதியவரும் அவரே. மரம் வாயுவாகப் போவதைப் பார்த்தவருக்கு, வாயுதான் மரமாக வந்திருக்கும் என்று தோன்றவில்லை. அவர் ஒரு மருத்துவ மேதை. ஆகவே உங்கள் மகள் குழம்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது விறகில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நன்றாகக் காய்ந்த மரக்கட்டை 1 கிலோ எடுத்தால் அதில் கார்பன் ஏறக்குறைய 500 கிராம், ஆக்சிஜன் 430 கிராம் அளவில், ஹைட்ரஜன் 60 கிராம். மீதி இருக்கும் கொஞ்சத்தில்தான் நைட்ரஜன், கால்சியம், பொட்டாசியம் மாதிரியானவை எல்லாம் அடக்கம். கார்பன் முழுவதும் காற்றில் இருந்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது. ஆக்சிஜனும் அங்கிருந்துதான், எப்படி என்று பிறகு சொல்கிறேன். தண்ணீர் கொடுத்தது ஹைட்ரஜனை மட்டும். எண்ணிக்கையில் ஹைட்ரஜன் அணுக்கள் நிறைய என்றாலும் எடையில் அது மிகவும் லேசானது. எனவே காய்ந்த மரத்தின் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் காற்றின் கொடை என்று தாராளமாகச் சொல்லலாம்.

'காய்ந்த' என்பதை அடிக்கோடிட வேண்டும். பச்சை மரத்தில் கிட்டத்தட்ட பாதி எடை தண்ணீராகவே இருக்கும். அது வேறு எதுவாகவும் மாறாமல் வெறும் ஈரமாக நிற்பது. வான் ஹெல்மான்ட்டின் 169 பவுண்டிலும் இந்த ஈரம் உண்டு. அந்த அளவில் அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது.

சரி, 0.04 சதவீதம். இதுதான் உங்கள் மகளின் கேள்வியிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கன மீட்டர் காற்றில் இன்றைய அளவுப்படி சுமார் முக்கால் கிராம் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. அதன் மூலக்கூறு எடை 44, அதில் கார்பன் 12. ஆக கார்பன் மட்டும் 0.2 கிராம். ஒரு கிலோ காய்ந்த விறகில் இருக்கும் 500 கிராம் கார்பனுக்கு 2,500 கன மீட்டர் காற்று வேண்டும். 7 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள வகுப்பறை என்றால் அப்படி 20 வகுப்பறைகளில் இருக்கும் காற்று. ஒரு விறகுக் கட்டைக்கே இருபது வகுப்பறையா என்று மலைப்பாக இருக்கும். ஆனால் வகுப்பறைக் காற்று 3 மீட்டர் உயரத்தோடு நின்றுவிடுகிறது, வெளியில் அப்படி இல்லை. தரையில் ஒரு சதுர மீட்டர் இடத்துக்கு மேலே, வளிமண்டலத்தின் உச்சி வரை இருக்கும் காற்றின் எடை சுமார் 10 டன். அதில் கார்பன் டை ஆக்சைடு மட்டும் 6 கிலோவுக்கு மேல். மரம் தன் பங்கை எடுக்க எடுக்கக் காற்று வீசிப் புதிதாகக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். மரம் இதை ஒரு நாளில் செய்யவில்லை, பல ஆண்டுகள் செய்கிறது.

இவ்வளவு நீர்த்துப்போன காற்றிலிருந்து பிடிப்பது சுலபமான வேலை அல்ல என்பதும் உண்மைதான். அதற்கான அடையாளம் இலையிலேயே இருக்கிறது. இலை தட்டையாக, மெல்லியதாக, பரப்பு அதிகமாக இருப்பது வெளிச்சத்துக்காக மட்டும் இல்லை, காற்றுக்காகவும்தான். கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக் கட்டும் நொதியின் (வேதிவினையை வேகப்படுத்தும் புரதத்தின்) பெயர் ரூபிஸ்கோ. பல நொதிகள் நொடிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் வேலையை முடிக்கும்போது இது நொடிக்கு ஒரு சில மூலக்கூறுகளைத்தான் பிடிக்கிறது. போதாக்குறைக்கு, சில சமயம் தவறிப்போய் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். இந்த மந்தத்தை ஈடுகட்ட இலை அதை மூட்டை மூட்டையாகச் செய்து வைத்துக்கொள்கிறது. உலகில் மிக அதிகமாக இருக்கும் புரதங்களில் ஒன்று என்று ரூபிஸ்கோவைச் சொல்வதற்குக் காரணம் அதன் திறமை இல்லை, திறமைக் குறைவு.

இன்னொரு விலையும் உண்டு. காற்று உள்ளே வர இலைத்துளை திறந்திருக்க வேண்டும். திறந்தால் நீராவி வெளியே போகும். ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு உள்ளே வருவதற்குள் நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகள் ஆவியாகிவிடும். வேர் உறிஞ்சும் தண்ணீரில் 95 சதவீதத்துக்கு மேல் இப்படித்தான் போகிறது, சர்க்கரை ஆவது மிகக் கொஞ்சம். நெல்லுக்கு ஏன் அவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் பதிலின் ஒரு பகுதி இதுதான். கரும்பும் மக்காச்சோளமும் இந்த விஷயத்தில் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் செய்கின்றன. கார்பன் டை ஆக்சைடை முதலில் வேறொரு நொதியால் பிடித்து, ரூபிஸ்கோ இருக்கும் இடத்தில் கொண்டுபோய்க் குவிக்கின்றன. அதனால் அது தவறிப்போய் ஆக்சிஜனைப் பிடிப்பது குறைகிறது. பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்தால் இதை விரிவாகப் படிப்பாள்.

அப்படியென்றால் உரம் எதற்கு? வான் ஹெல்மான்ட்டின் தொட்டியில் குறைந்த அந்த 2 அவுன்ஸ் எடைப் பிழை என்று தள்ளிவிட வேண்டியது இல்லை. மரம் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்ட தாதுக்கள் அதில் அடக்கம். எடையில் அற்பம், ஆனால் அது இல்லாமல் மற்றது எதுவும் நடக்காது. பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மக்னீசியம் அணு, அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்கள். டிஎன்ஏவுக்கும், செல்லுக்குள் ஆற்றலைச் சுமக்கும் ஏடிபிக்கும் பாஸ்பரஸ் வேண்டும். இலைத்துளையைத் திறந்து மூடும் காப்புச் செல்களுக்குப் பொட்டாசியம் வேண்டும். புரதம் எதுவானாலும் நைட்ரஜன் வேண்டும், இலையின் நைட்ரஜனில் கணிசமான பங்கு ரூபிஸ்கோவுக்கே போய்விடுகிறது. யூரியா போட்ட சில நாளில் பயிர் கரும்பச்சையாக எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த யூரியா நெல்மணியாக மாறுவதில்லை. காற்றைப் பிடிக்கும் இயந்திரத்தைக் கூடுதலாகக் கட்ட உதவுகிறது, மணியின் மாவுச்சத்து அந்த இயந்திரம் பிடித்த காற்றிலிருந்து வருகிறது.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கும்போது அதைக் காசு கொடுத்து ஏன் வாங்குகிறோம் என்று அவள் அடுத்ததாகக் கேட்பாள். கேட்க வேண்டும். காற்றில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக முப்பிணைப்பால் இறுகிக் கிடக்கின்றன, அதை உடைக்கும் நொதி செடியிடம் இல்லை. சில பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. உளுந்து, பச்சைப்பயறு, நிலக்கடலைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் இருக்கும் ரைசோபியம் அந்த வகை. காவிரி டெல்டாவில் நெல் அறுத்த வயலில் உளுந்து போடுவதன் பலனில் இதுவும் ஒன்று.

மண்ணின் பங்கு அற்பம் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. நெல் உமியை எரித்தால் அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும், அந்தச் சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா. நெல் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கிறது. உமிச் சாம்பலைக் கையில் தேய்த்தால் நறநறவென்று இருப்பதற்குக் காரணம் இது.

அடுத்தது ஆக்சிஜன். இங்கேதான் மாணவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். ஒரு காலத்தில் விஞ்ஞானிகளும் இதே இடத்தில் வழுக்கினார்கள்.

இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி 1771இல் ஒரு சோதனை செய்தார். மெழுகுவர்த்தி அணைந்துபோன மூடிய ஜாடிக்குள் புதினாத் தண்டு ஒன்றை வைத்தார். சில நாள் கழித்து அதே காற்றில் மெழுகுவர்த்தி மறுபடி எரிந்தது. செடி காற்றைச் சரிசெய்கிறது என்றார். ஆனால் இந்தச் சோதனை எல்லா நேரமும் பலிக்கவில்லை. ஏன் என்று 1779இல் இங்கன்ஹவுஸ் கண்டுபிடித்தார்: வெளிச்சம் வேண்டும், அதுவும் செடியின் பச்சைப் பாகம்தான் இதைச் செய்கிறது. பிறகு ஜெனீவாவில் செனபியே கார்பன் டை ஆக்சைடின் தேவையைக் காட்டினார். 1804இல் சொசூர் எடை போட்டுப் பார்த்து, செடியில் ஏறிய எடை கார்பனின் எடையைவிடக் கூடுதலாக இருப்பதால் தண்ணீரும் சேர்கிறது என்று நிறுவினார்.

எல்லாம் சரி, வெளியே வரும் ஆக்சிஜன் யாருடையது? பாடத்தில் வரும் சுருக்கமான சமன்பாட்டைப் பாருங்கள்: 6 கார்பன் டை ஆக்சைடு + 6 நீர் → 1 குளுக்கோஸ் + 6 ஆக்சிஜன். 6 கார்பன் டை ஆக்சைடில் 12 ஆக்சிஜன் அணுக்கள். வெளிவரும் 6 ஆக்சிஜன் மூலக்கூறுகளிலும் 12 அணுக்கள். கச்சிதமாகப் பொருந்துகிறது. கார்பன் டை ஆக்சைடு உடைந்து ஆக்சிஜன் வெளியே போகிறது, மிஞ்சிய கார்பன் தண்ணீரோடு சேர்ந்து சர்க்கரை ஆகிறது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். தவறான விடை இவ்வளவு அழகாகச் சமன் ஆவது அபூர்வம்.

முதல் சந்தேகம் வந்தது பாக்டீரியாக்களிடமிருந்து. 1930களில் வான் நீல் என்பவர் ஊதா நிறக் கந்தக பாக்டீரியாக்களை ஆராய்ந்தார். அவையும் வெளிச்சத்தில் கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்திச் சர்க்கரை செய்கின்றன. ஆனால் தண்ணீருக்குப் பதில் ஹைட்ரஜன் சல்பைடை எடுக்கின்றன, ஆக்சிஜனை வெளியிடுவதில்லை. அவற்றில் சேர்வது கந்தகம். கார்பன் டை ஆக்சைடு உடைந்துதான் ஆக்சிஜன் வருகிறது என்றால் இங்கேயும் வந்திருக்க வேண்டுமே? ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு கந்தகத்தை விடுகிறது என்றால், பச்சைச் செடி தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனை விடுகிறது என்று ஆகிறது. இப்படி வாதித்தார். பச்சைச் செடியில் சோதனை செய்யாமலே ஒப்பிட்டுப் பார்த்து வந்த முடிவு இது. எனக்கு அறிவியல் வரலாற்றில் மிகவும் பிடித்த தர்க்கங்களில் ஒன்று.

பிறகு கேம்பிரிட்ஜில் ராபர்ட் ஹில், இலையிலிருந்து பிரித்தெடுத்த பசுங்கணிகங்கள் (செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நிறச் சிற்றுறுப்புகள்) கார்பன் டை ஆக்சைடு இல்லாமலே ஆக்சிஜனை வெளியிடும் என்று காட்டினார். ஹைட்ரஜனோடு வரும் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள வேறு ஏதாவது ஒரு பொருள் இருந்தால் போதும். 1941இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ரூபனும் கேமனும் நேரடியாகவே பார்த்தார்கள். சாதாரண ஆக்சிஜனின் நிறை எண் 16. நிறை எண் 18 உள்ள ஐசோடோப்பும் உண்டு, வேதிக் குணம் அதேதான், கொஞ்சம் கனம். கனமான ஆக்சிஜன் கலந்த தண்ணீரைக் குளோரெல்லா என்ற பாசிக்குக் கொடுத்தபோது வெளிவந்த வாயுவில் அதே விகிதத்தில் கனமான ஆக்சிஜன் இருந்தது. கார்பன் டை ஆக்சைடு பக்கத்தில் கனமான ஆக்சிஜனைக் கூட்டினாலும் குறைத்தாலும் வெளிவரும் வாயு அதைப் பின்பற்றவில்லை. ஆக்சிஜன் தண்ணீரிலிருந்துதான்.

இப்போது கணக்கில் ஒரு இடறல். சுருக்கமான சமன்பாட்டில் 6 நீர் மூலக்கூறுதான் இருக்கிறது, அதில் ஆக்சிஜன் அணு 6 மட்டுமே. வெளியே போவதோ 12. அதனால்தான் விவரமான சமன்பாட்டை இப்படி எழுதுகிறோம்:

6 கார்பன் டை ஆக்சைடு + 12 நீர் → 1 குளுக்கோஸ் + 6 ஆக்சிஜன் + 6 நீர்

இடப்பக்கத்து 12 நீரும் உடைகின்றன. வலப்பக்கத்து 6 நீர் புதிதாகப் பிறப்பவை. கார்பன் டை ஆக்சைடின் 12 ஆக்சிஜன் அணுக்களில் 6 சர்க்கரைக்குள், 6 இந்தப் புதிய நீருக்குள். ஆகச் சர்க்கரையில் இருக்கும் கார்பனும் ஆக்சிஜனும் காற்றிலிருந்து, ஹைட்ரஜன் தண்ணீரிலிருந்து. மேலே விட்டுவைத்த விஷயம் இதுதான். மகளை ஒரு தாளில் எடையும் போடச் சொல்லுங்கள்: இடப்பக்கம் 264 + 216, வலப்பக்கம் 180 + 192 + 108. இரண்டும் 480. அந்த 180 கிராம் குளுக்கோஸில் 168 கிராம் கார்பன் டை ஆக்சைடு தந்தது.

பள்ளிக்கூடத்தில் ஹைட்ரில்லாச் செடியைப் புனலால் மூடி, மேலே சோதனைக் குழாயைக் கவிழ்த்து வெயிலில் வைப்பார்கள். தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் குமிழி வேகமாக வரும். சோடா கார்பன் டை ஆக்சைடு தருகிறது, குமிழி கூடுகிறது, ஆகவே ஆக்சிஜன் அதிலிருந்து வருகிறது என்று பிள்ளைகள் முடிவு செய்வது இங்கேதான். உண்மையில், தண்ணீர் உடைந்து கிடைத்த ஹைட்ரஜனை வாங்கிக்கொள்ளும் பக்கம் கார்பன் டை ஆக்சைடு. அது தாராளமாக இருந்தால் தண்ணீர் உடைவதும் தடையில்லாமல் நடக்கும். இதை ஆசிரியர்கள் ஒரு வரி சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூரிய ஒளி உணவாக மாறுகிறது என்று சில வழிகாட்டி நூல்களில் எழுதுகிறார்கள். ஒளியிலிருந்து ஒரு அணுகூட வருவதில்லை. தண்ணீரை உடைப்பது கஷ்டமான வேலை, அதற்கான ஆற்றலை ஒளி தருகிறது, அவ்வளவுதான். அதேபோல 'குளுக்கோஸின் பிணைப்புகளை உடைத்தால் ஆற்றல் வெளிவரும்' என்ற வாக்கியமும் தவறு. பிணைப்பை உடைக்க எப்போதும் ஆற்றல் செலவாகும். குளுக்கோஸ் ஆக்சிஜனோடு சேர்ந்து, இன்னும் வலுவான பிணைப்புகள் கொண்ட கார்பன் டை ஆக்சைடும் நீரும் உருவாகும்போதுதான் ஒரு மோலுக்கு சுமார் 2,800 கிலோஜூல் வெளிவருகிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அதே சர்க்கரை ஈஸ்டுக்குக் கொடுக்கும் ஆற்றல் மிகக் கொஞ்சம்.

கடைசியாக, இரவில் மரத்தடி. செடியும் சுவாசிக்கிறது, இரவும் பகலும். பகலில் ஒளிச்சேர்க்கை அதைவிடப் பல மடங்கு வேகமாக நடப்பதால் சுவாசம் வெளியே தெரிவதில்லை, இரவில் அது மட்டும் மிஞ்சும். எனவே இரவில் மரம் கார்பன் டை ஆக்சைடு வெளியிடுகிறது என்பது உண்மை. மூச்சுத் திணறும் என்பது கட்டுக்கதை. தூங்கும் ஒரு மனிதர் மணிக்கு சுமார் 20 கிராம் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். அறையில் வைத்த சின்னத் தொட்டிச் செடி விடுவது அதில் நூறில் ஒரு பங்குகூட வராது. பெரிய மரம் சில ஆட்கள் அளவுக்கு விடலாம், அதுவும் திறந்த வெளியில் கலைந்துவிடும். கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துக் குடும்பமே படுப்பதை யாரும் ஆபத்து என்று சொல்வதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமாக, அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் தரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வெளிச்சம் இல்லாமல் தண்ணீர் உடையாது, தண்ணீர் உடையாமல் ஆக்சிஜன் வராது. எந்த மரமானாலும் இதுதான் நிலை. கற்றாழை, கள்ளி, அன்னாசி மாதிரியானவை இரவில் இலைத்துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கும், பகலில் துளையை மூடிக்கொண்டு அதைப் பயன்படுத்தும். வறண்ட இடத்தில் தண்ணீரை மிச்சப்படுத்தும் உபாயம் அது. அவையும் இரவில் ஆக்சிஜன் தருவதில்லை.

புளியமரத்துப் பேய்க் கதைக்குப் பின்னால் இந்தச் சுவாச அறிவியல்தான் இருக்கிறது என்று பலர் விளக்கம் கொடுப்பார்கள். நான் அதை ஏற்கவில்லை, கணக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. இரவில் மரத்தடியில் படுக்காமல் இருக்க நல்ல காரணங்கள் வேறு இருக்கின்றன: பாம்பு, பூரான், காய்ந்த கிளை, மேலே அடையும் காக்கைகள்.